ஆண்மகனுக்கும் ஜீவனாம்சமா?

"ஆண்பிள்ளைக்கு ஜீவனாம்சமா? மீசை முளைத்தவன் மனைவியிடம் மாதப்படி கேட்டுக் கையேந்துவதா? கலி முற்றிவிட்டது!" என்று கைகொட்டிச் சிரித்தவர் பலர், 2022ஆம் ஆண்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை அளித்த தீர்ப்பு ஏடுகளில் வெளிவந்தபோது.

வழக்கு நாந்தேடு நகரத்து வழக்கு. 1992இல் மணம், 2015இல் மணவிலக்கு. மனைவி பள்ளி ஆசிரியை. கணவனுக்கு வருவாய் இல்லை. மணவிலக்குக்குப் பின்னர்க் கணவன் நீதிமன்றப் படியேறி, "எனக்குப் பிழைக்க வழியில்லை, அவர் சம்பளம் பெறுகிறார், படி தரச் செய்க" என்றான். வழக்கு முடியும் வரை மாதம் 3,000 ரூபாய் தருக என்றது கீழ் நீதிமன்றம். பாக்கி நின்றபோது, ஆசிரியையின் சம்பளத்தில் மாதம் 5,000 ரூபாய் பிடித்து அனுப்புமாறு பள்ளித் தலைமையாசிரியருக்கு ஆணை பறந்தது. "மணவிலக்கே ஆகிவிட்டது, இனி அவர் யார், நான் யார்?" என்று மனைவி மேல்முறையீடு சென்றார். உயர் நீதிமன்றம் ஆணையை உறுதி செய்தது.

சிரித்தவர்களை நாம் கேட்கிறோம்: சிரிக்குமுன் சட்டத்தைப் படித்தீர்களா?

காப்பியத்தைத் திறனாய்பவர் சொல்லைப் பார்ப்பர், பொருளைப் பார்ப்பர், சொல்லுக்கும் பொருளுக்கும் நடுவே நூலாசிரியன் எதை மறைத்து வைத்தான் என்றும் பார்ப்பர். சட்டமும் ஒரு நூலே. அதனையும் அவ்வாறே ஆராய்தல் வேண்டும். கவிஞன் ஒரு சொல்லைத் தவறாக இட்டால் ஓசை கெடும், அவ்வளவே. சட்டம் இயற்றுவோன் ஒரு சொல்லைத் தவறாக இட்டால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணையும். ஆகவே இவ்வாரம் நாம் ஆய எடுத்துக்கொண்ட நூல், 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம். அதிலும் 24, 25 என்னும் இரு பிரிவுகள்.

*

24ஆம் பிரிவு, வழக்கு நடக்கும் காலத்துக்கான படியைப் பற்றியது. 25ஆம் பிரிவு, தீர்ப்புக்குப் பின்னர் நிலையாகத் தரவேண்டிய ஜீவனாம்சத்தைப் பற்றியது. இரண்டிலும் நடுநாயகமாக நிற்பது ஒரே கருத்து: மனைவியாயினும் கணவனாயினும், இருவருள் எவர்க்குத் தம்மைக் காத்துக்கொள்ளப் போதிய தனி வருவாய் இல்லையோ, அவர் மற்றவரிடம் கேட்கலாம். கேட்பவர் ஆணா பெண்ணா என்று அந்த வரி வினவவில்லை. வருவாய் உண்டா இல்லையா என்றே வினவுகிறது. எவ்வளவு தருவது என்பதற்கும் இருவர் வருவாயையும் எடைபோடச் சொல்கிறது. தீர்ப்பு நாளிலும் கேட்கலாம். அதற்குப் பின்னர் எந்நாளிலும் கேட்கலாம். நாந்தேடு வழக்கில் கணவன் கைக்குக் கிட்டிய ஊன்றுகோல் இதுவே.

1955ஐ நினைத்துப் பாருங்கள். கணவனே கண்கண்ட தெய்வம் என்று மேடைதோறும் முழங்கிய காலம். மணவிலக்கு என்ற சொல்லைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்ட சனாதனிகள் நாடாளுமன்றத்திலேயே நிறைந்திருந்த காலம். அக்காலத்தில் 'இருவருள் எவரும்' என்ற சொல் சட்டத்துள் நுழைந்தது சிறு செய்தியன்று. ஆண் கொடுப்பவன், பெண் பெறுபவள் என்ற பழங்கணக்கை அச்சொல் ஓசையின்றி அழித்தது. பெண்ணும் சம்பாதிப்பாள், அவளுக்கும் சொத்து இருக்கும், ஒருநாள் அவளும் கொடுக்கும் நிலையில் இருப்பாள் என்று ஏற்றுக்கொண்டது. இந்நூலின் சிறந்த சொல் இதுவே என்பது நம் கருத்து.

ஆனால் அதே காலத்து ஏனைய நூல்களைப் புரட்டினால் வேறு காட்சி. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், சாதி மதம் கடந்து மணப்போர்க்கென்று எழுந்த முற்போக்குச் சட்டம். அதில் படி கேட்கும் உரிமை மனைவிக்கு மட்டுமே. கிறித்தவர்க்குரிய 1869ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டத்திலும் மனைவிக்கு மட்டுமே. பார்சிகளின் 1936ஆம் ஆண்டுச் சட்டமோ, 1988இல் திருத்தப்பெற்றுக் கணவனுக்கும் அவ்வுரிமையைத் தந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, இன்று 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக நிற்பது, எல்லா மதத்தார்க்கும் பொது. அதில் மனைவி உண்டு, பிள்ளை உண்டு, தாய் தந்தையர் உண்டு, கணவன் இல்லை!

விந்தையைக் காணுங்கள். 1987இல் உச்ச நீதிமன்றம், மணமாகிச் சென்ற மகளும் வறிய தந்தைக்குப் படி தரக் கடமைப்பட்டவள் என்று தீர்ப்பளித்தது. ஆகவே ஒரு முதியவன் தந்தை என்று சொல்லி மகளிடம் கேட்டால் நீதிமன்றக் கதவு திறக்கிறது. அதே முதியவன் கணவன் என்று சொல்லி மனைவியிடம் கேட்டால், எந்தச் சடங்கின்படி மணந்தாய் என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்கிறது. பசிக்குச் சடங்கு தெரியுமா? பட்டினிக்கு மதம் உண்டா?

*

"மனைவி பொருளில் கணவன் வாழ்வது தமிழர் பண்பன்று" என்று மார்தட்டுவோரும் உளர். அவர்களைச் சிலப்பதிகாரத்தின்பால் அழைக்கிறோம். மாதவியிடம் பொருளெல்லாம் இழந்து வெறுங்கையுடன் மீண்ட கோவலன், மதுரைக்கு எதை நம்பிப் புறப்பட்டான்? கண்ணகியின் காற்சிலம்பை! அதை விற்று வாணிகம் தொடங்கவே போனான். விற்கப் போன இடத்தில் உயிரையும் விட்டான். மனைவியின் நகையை முதலாகக் கொண்டு பிழைக்கப் போன கணவனைத் தலைவனாகக் கொண்டதே நம் முதற் காப்பியம். அதைப் படித்தவர் எவரும், "ஆண்பிள்ளை மனைவியின் கால்நகைக்குக் கைநீட்டுவதா?" என்று சிரித்ததில்லையே! ஏன்?

புராணத்துக்குச் செல்வோம். நோயுற்ற கணவனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்தாள் நளாயினி என்று கதை சொல்லிக் கண்ணீர் வடிப்பர். சுமந்த பாரத்துக்கு அளவு உண்டா? நாள் உண்டா? அவளுக்கு வேறு வாழ்வு உண்டா? ஒன்றும் இல்லை. ஆயினும் எவரும் சிரிக்கவில்லை. கோயில் திண்ணையில் கதாகாலட்சேபம் செய்தனர்.

ஆக, மனைவி கொடுத்தல் அவர்களுக்கு உறுத்தவில்லை. எது உறுத்துகிறது? கற்பு என்ற பெயரால் அவள் எல்லாவற்றையும் கொடுத்தால் அது காவியம்; சட்டத்தின் பெயரால் அளந்து ஒரு பங்கு கொடுத்தால் அது கேலிக்கூத்து. அடிமை கொடுத்தால் போற்றுவர். சம உரிமை பெற்றவள் கொடுத்தால் நகைப்பர்! நளாயினியின் கூடைக்கு எல்லை இல்லை. 25ஆம் பிரிவுக்கு எல்லை உண்டு. இருவர் வருவாயையும் பார். இருவர் நடத்தையையும் பார். நிலைமை மாறினால் தொகையையும் மாற்று என்கிறது அது. நாம் புராணத்தை விடச் சட்டத்தை விரும்புவது இதனால்தான். பக்தி அளவற்றதைக் கேட்கும். நீதி அளந்து கேட்கும்.

*

இனி, நீதிமன்றங்கள் இந்நூலுக்கு எழுதிய உரைகளைக் காண்போம்.

2011இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு. மனைவி தங்கும் விடுதிகள் நடத்தி நல்ல வருவாய் ஈட்டியவர்; கணவன் வருவாயற்றவன். மாதம் 20,000 ரூபாயும், வழக்குச் செலவுக்கு 10,000 ரூபாயும், ஒரு காரும் தருக என்று கீழ் நீதிமன்றம் சொன்னதை உயர் நீதிமன்றம் ஏற்றது. கார் எதற்கென்று நம்மில் பலர் கேட்கக்கூடும். மணவாழ்வில் இருந்த நிலைக்கு ஏற்பப் பிரிந்த பின்னும் வாழ வழி செய்வது என்பதே நீதிமன்றத்தின் நோக்கு. மனைவி கேட்கும்போது இந்த நோக்கு நமக்கு வியப்பாகத் தோன்றுவதில்லை.

மத்தியப் பிரதேசத்தில் வேறொரு கணவன். ஓட்டிக்கொண்டிருந்த ஆட்டோ ரிக்ஷாவைத் தானே நிறுத்திவிட்டு, "எனக்கு வருவாய் இல்லை, மனைவி தரட்டும்" என்று வந்தான். தன்னைத் தானே முடமாக்கிக்கொண்டு கையேந்துபவனுக்குச் சட்டம் துணைவராது என்று உயர் நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. நன்று செய்தது. கேரள உயர் நீதிமன்றமும், உழைக்க இயலாமை இல்லாத கணவனுக்குப் படி கொடுத்தால் சோம்பலே வளரும் என்றது. 2023இல் கர்நாடக உயர் நீதிமன்றம், கொரோனாக் காலத்தில் வேலை இழந்தேன் என்று சொல்லி மனைவியிடம் படி கேட்டவனை, உடல் வலிமை உள்ளவன் உழைத்துப் பிழைக்கலாமே என்று மறுத்தது.

சோம்பேறிக்குச் சோறில்லை என்பதில் நமக்கு மறுப்பில்லை. உழைப்பைப் போற்றும் நாம் அதை மறுக்கவும் மாட்டோம். ஆனால் உரைக்குள் மறைந்திருக்கும் ஒரு கருத்தைத் திறனாய்வாளன் சுட்டிக்காட்டியே ஆகவேண்டும். நூலில் இருப்பது 'போதிய வருவாய் இல்லாதவர்' என்ற சொல். உரையில் வந்து அமர்ந்திருப்பதோ 'உடல் வலிமையுள்ள ஆண்' என்ற உருவம். ஆண் என்றால் சம்பாதிப்பவன். சம்பாதிக்கவில்லை என்றால் அவனே மெய்ப்பிக்கட்டும்! பெண் என்றால் சார்ந்திருப்பவள்; சார்ந்திருக்கவில்லை என்றால் எதிரி மெய்ப்பிக்கட்டும்! இவை இரண்டும் ஒரே மனுநீதிக் காசின் இரு பக்கங்கள். பெண்ணைப் பலவீனம் என்று ஒதுக்கிய கையே, ஆணைப் பொருளீட்டும் எந்திரம் என்றும் முத்திரை குத்தியது. பெண்ணடிமை ஒழிய வேண்டுமென்றால் அந்த இரண்டாம் முத்திரையும் அழிய வேண்டும்.

இன்னொரு குறை நூலிலேயே உள்ளது. படி பெறுபவர் மறுமணம் செய்துகொண்டால் ஆணையை மாற்றலாம் என்கிறது 25ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. அது முறையே. அடுத்து வருவதைப் பாருங்கள். பெறுபவர் மனைவியாயின், அவள் கற்புடன் இருக்கவில்லை என்று காட்டினால் போதும். பெறுபவர் கணவனாயின், மணவுறவுக்கு வெளியே ஒரு பெண்ணுடன் உடலுறவு கொண்டான் என்று காட்டவேண்டும். ஒரே தவற்றுக்கு இரண்டு சொற்கள்! ஆணிடம் ஒரு செயலைத் தேடுகிறது சட்டம். பெண்ணிடமோ ஒரு தன்மையைத் தேடுகிறது. செயலுக்குச் சான்று வேண்டும். தன்மைக்கு வாயில் வந்த வசை போதும். 'இருவருள் எவரும்' என்று வாசலில் சமத்துவக் கோலமிட்ட நூல், கொல்லைப்புறத்தில் கற்பு என்னும் பழைய விலங்கைத் தொங்கவிட்டிருக்கிறது. 1976இல் இவ்வுட்பிரிவைத் திருத்தினார்கள். ஆணையைக் கட்டாயம் நீக்க வேண்டும் என்றிருந்ததை, நீதிமன்றம் நீக்கலாம் அல்லது மாற்றலாம் என்று இளக்கினார்கள். அச்சொல்லை மட்டும் தொடவில்லை. மணவிலக்குப் பெற்ற பின்னும் ஒரு பெண் எவனுக்காகக் கற்பைக் காத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்கிறோம், விடை எங்கே?

*

நகரங்களின் வழக்குகளை விட்டு மலையேறுவோம்.

தருமபுரி மாவட்டத்தில் வத்தல்மலை. இருபதுக்கு மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால், பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு என்று சிறு சிறு ஊர்கள். சாமையும் கேழ்வரகும், காபியும் மிளகும் விளையும் நிலம். வாழ்வோர் மலையாளிப் பழங்குடி மக்கள். கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டா. மலையை ஆள்வோர் என்ற பொருளில் வந்த பெயர். காஞ்சியிலிருந்து வந்தோம் என்று மரபு சொல்லும் தமிழர்.

இம்மக்களுக்கு 24, 25ஆம் பிரிவுகள் எதைத் தருகின்றன? ஒன்றையும் தருவதில்லை! இந்துத் திருமணச் சட்டத்தின் இரண்டாம் பிரிவிலேயே ஒரு வரி: மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றி, இச்சட்டம் பட்டியலில் கண்ட பழங்குடியினர்க்குப் பொருந்தாது. அவர்தம் வழக்காறே அவர்க்குச் சட்டம். 1956ஆம் ஆண்டின் இந்து மகவேற்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்திலும் அதே விலக்கு.

வழக்காறு இழிந்தது என்று நாம் சொல்லவில்லை. மலையாளி மக்களின் மணமுறையில் மணமகன் வீட்டார் பரிசம் தருவர்; பெண்ணைப் பெற்றவன் வரதட்சிணைக்குக் கடன்படும் கொடுமையை அம்மரபு அறியவில்லை. மனம் ஒவ்வாதபோது பிரியவும், கைம்பெண் மறுமணம் செய்யவும் வழி வைத்திருந்தது. ஊர்க்கவுண்டரும் பெரியோரும் கூடிப் பேசிப் பரிசத்தைத் திருப்பித் தரச் செய்து தீர்த்து வைப்பர். கீழ்நாட்டில் கைம்பெண்ணுக்கு மொட்டையடித்து மூலையில் உட்கார வைத்த 'உயர்ந்தோர்', இம்மலையினின்று கற்கவேண்டியது உண்டு.

ஆயினும் பரிசம் என்பது ஒருமுறை கொடுத்து ஒருமுறை திருப்புவது. மாதந்தோறும் வரும் பசிக்கு அதில் விடை இல்லை. ஒன்றை எண்ணிப் பார்ப்போம். மிளகுக் கொடி பறிக்க மரமேறிய ஒருவன் விழுந்து இடுப்பொடிந்து படுத்துவிடுகிறான். மனைவிக்கு அரசு ஊதியம் வரும் வேலை. நாளடைவில் மனம் கசந்து பிரிகிறார்கள். மனைவி கைவிடப்பட்டவள் ஆனால், தருமபுரி நீதிமன்றத்தில் 144ஆம் பிரிவின்படி அவள் கேட்கலாம். கேட்கவேண்டியதுதான், அவ்வுரிமையில் ஒரு நூலிழையும் குறையக்கூடாது. இவனோ எங்கே செல்வான்? 144இல் கணவனுக்கு இடமில்லை. இந்துத் திருமணச் சட்டம் இவனுக்குப் பொருந்தாது. சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்திருந்தாலும் அதில் மனைவிக்கே உரிமை. மூன்று கதவு, மூன்றிலும் பூட்டு!

வழக்காற்றைச் சொல்லி நீதிமன்றம் செல்லலாம் என்பர். 2001இல் சந்தால் பழங்குடியினர் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? வழக்காற்றை எடுத்துரைத்து, அது உண்டென்று மெய்ப்பிக்கவும் வேண்டும் என்றது. ஏட்டில் எழுதாத வழக்காற்றை, இடுப்பொடிந்தவன் எந்த ஏட்டைக் காட்டி மெய்ப்பிப்பான்?

இன்னொரு வழியும் திறந்தது. 2021இல் டெல்லி உயர் நீதிமன்றம், மீனா பழங்குடியினர் வழக்கில், இந்துச் சடங்குகளின்படி மணந்து அவ்வாறே வாழ்வோர்க்கு இந்துத் திருமணச் சட்டம் பொருந்தும் என்றது. வழக்காற்றுக்குரிய நீதிமன்றங்கள் அம்மக்களுக்கு இல்லாத நிலையில், அவர்க்கும் சட்டத்தின் காப்புக் கிட்டவேண்டும் என்பது நீதிபதியின் நல்லெண்ணம். அதை மதிக்கிறோம். ஆனால் அதன் விளைவு என்ன? தீ வளர்த்து ஏழடி வைத்தால் சட்டம் உண்டு. தன் மூதாதையர் முறைப்படி மணந்தால் சட்டம் இல்லை! உரிமைக்கு விலை ஒரு புரோகிதனா? இதே தமிழ்நாட்டில், புரோகிதனும் தீயும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் சட்டம் இயற்றி, 7ஏ என்னும் பிரிவைச் சேர்த்து, அம்மணத் தம்பதியர்க்கும் இந்துத் திருமணச் சட்டத்தின் எல்லா உரிமைகளையும் உறுதியாக்கினார்கள். சடங்கின்றியே உரிமை தர இயலும் என்று காட்டிய நாட்டில், மலைவாழ் மக்களுக்கு மட்டும் அது ஏன் இயலாது?

வேடிக்கை இன்னும் உண்டு. மலையாளிகள் தருமபுரியில் பட்டியல் பழங்குடியினர். ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் வாழும் அதே மலையாளிகள், பட்டியலில் இடம் கேட்டு நெடுங்காலம் குரல் கொடுத்து வந்தவர்கள். சலுகை பெற்ற மலையில் கணவனுக்கு இவ்வுரிமை இல்லை. சலுகை மறுக்கப்பட்ட மலையில் இவ்வுரிமை உண்டு. மாவட்ட எல்லைக் கல் ஒன்று மணவாழ்வின் நீதியையே மாற்றுகிறது.

*

"பெண்களின் துயரே தீராதபோது ஆணுக்கு ஏன் வாதாடுகிறீர்?" என்று கேட்பர் நம் தோழியர். கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. படிக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்ற வாசலில் குழந்தையை இடுப்பில் ஏந்தி நிற்போர் பெண்களே. நிலம் ஆண் பெயரில். வீடு ஆண் பெயரில். அடுக்களை உழைப்புக்கோ கூலியும் இல்லை, கணக்கும் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு மூன்றாம் உட்பிரிவு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிக் காப்புச் செய்யலாம் என்று சொன்னது இதனை உணர்ந்தே. 125ஆம் பிரிவு அக்காப்பின் ஒரு கிளை என்று 1978இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிற்று. அக்கிளையை வெட்டச் சொல்பவன் நம் பகைவன். மனைவிக்குப் படி தர மனமின்றி, "எனக்கும் படி தா" என்று எதிர்வழக்குத் தொடுத்து அவளை இழுத்தடிக்கும் வீணனுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. 2020இல் உச்ச நீதிமன்றம், படி வழக்குகளில் இருதரப்பாரும் தம் சொத்து வருவாய் விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும் என்று நெறி வகுத்தது. அந்நெறியைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தாலே அவ்வீணர் முகமூடி கிழியும்.

நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, இயலாமையால் வீழ்ந்த துணைவர் எவராயினும், எம்முறையில் மணந்தவராயினும், படி கேட்கும் உரிமை சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இடம்பெற வேண்டும். கணக்கிடும்போது மனைவியின் கூலியற்ற வீட்டுழைப்பையும், பிள்ளைகளை அவள் தாங்கும் சுமையையும் கணக்கில் எடுக்கவேண்டும். இரண்டாவது, 25ஆம் பிரிவில் கற்பு என்னும் அச்சொல் அகல வேண்டும். மூன்றாவது, வத்தல்மலை போன்ற மலைகளில், மக்களைக் கேட்டு, குறிப்பாகப் பெண்களைக் கேட்டு, அவர்தம் மணவழக்காற்றை எழுத்தில் பதிந்து, அதில் படியுரிமையையும் சேர்க்க வழி காணவேண்டும். மேலிருந்து திணிப்பது சீர்திருத்தமாகாது. கேட்காமல் விலக்கி வைப்பது மதிப்பும் ஆகாது.

கணவனுக்கு உரிமை தருவதால் மனைவி தாழ்வதில்லை. கொடுக்கும் கடமை தன்மேல் வரும் அளவுக்கு அவள் உயர்ந்திருக்கிறாள் என்பதற்கு அது சான்று. பெண் பொருளீட்டுவாள் என்பதை ஏற்போர், ஆண் வீழ்வான் என்பதையும் ஏற்கத்தான் வேண்டும். வீழ்ந்தவரை நிமிர்ந்தவர் தாங்குவதே மணம் என்றால், மணம் முறிந்த பின்னும் வீழ்ந்தவர் பட்டினியால் சாகாமல் காப்பதே சட்டம். அச்சட்டம் நாந்தேடுக்கு ஒன்று, வத்தல்மலைக்கு ஒன்று என்று இருத்தல் முறையன்று!